டவுட்டா, சஸ்பெக்டா? விடை தமிழ் வாக்கியத்திலேயே இருக்கிறது

ஒரே மாதிரி தெரியும் இரண்டு ஆங்கிலச் சொற்களில் எதைப் போடுவது என்று தடுமாறினால், முதலில் ஆங்கிலம்-தமிழ் அகராதியை மூடி வையுங்கள். இரண்டுக்கும் அதில் பெரும்பாலும் ஒரே தமிழ்ச்சொல்தான் போட்டிருக்கும். அதற்குப் பதில், சொல்ல வந்ததை முழுத் தமிழ் வாக்கியமாக எழுதிப் பாருங்கள். எழுதியபின் அந்தச் சொல்லை விட்டுவிட்டு, அதற்கு முன்னால் என்ன உருபு வந்திருக்கிறது என்று பாருங்கள். 'ஐ', 'கு', 'இடம்' போன்றவற்றோடு 'ஆ', 'என்று' போன்றவற்றையும் சேர்த்தே இங்கே உருபு என்கிறேன். ஆங்கிலம் இரண்டு சொல்லாகப் பிரித்து வைத்திருப்பதைத் தமிழ் பல இடங்களில் உருபில் வைத்திருக்கிறது.

பெரியவர்களுக்கு ஆங்கிலத்தில் கடிதம் எழுதச் சொல்லிக்கொடுப்பது என் வேலை. 'டவுட்', 'சஸ்பெக்ட்' ஜோடியில்தான் நான் அதிக நேரம் நிற்பேன். தமிழில் இரண்டும் சந்தேகம்தான், ஆனால் பொருள் நேர் எதிர். 'ஐ சஸ்பெக்ட் ஹி டுக் இட்' என்றால், அவன்தான் எடுத்திருப்பான் என்று நினைக்கிறேன். 'ஐ டவுட் ஹி டுக் இட்' என்றால், அவன் எடுத்திருக்க மாட்டான் என்று நினைக்கிறேன். புகார்க் கடிதத்தில் இது மாறிப்போனால், யார்மேல் குற்றம் சொல்ல வந்தோமோ அவருக்கே நற்சான்று எழுதிக் கொடுத்த மாதிரி ஆகிவிடும்.

இப்போது தமிழில் எழுதுங்கள். 'அவன்தான் எடுத்தான் என்று சந்தேகப்படுகிறேன்.' 'அவன் எடுத்திருப்பானா என்பது சந்தேகம்.' முதலாவதில் 'என்று' வருகிறது, இரண்டாவதில் 'எடுத்திருப்பானா' என்று 'ஆ' வருகிறது. 'என்று' வந்தால் சஸ்பெக்ட், 'ஆ' வந்தால் டவுட். இதை யாரும் மனப்பாடம் செய்ய வேண்டியதில்லை. சின்ன வயதிலிருந்தே இந்த வித்தியாசத்தைப் பிசகாமல் பேசிவருகிறோம்.

பாடம் புரியாதபோது 'ஐ ஹேவ் எ டவுட்' என்கிறோமே, அது இந்திய ஆங்கிலத்தில் சாதாரணம். வெளிநாட்டவர் காதில், 'நீங்கள் சொல்வது சரியென்று படவில்லை' என்று விழக்கூடும். அவர்களிடம் 'கொஸ்டின்' என்று சொல்லிவிடுங்கள்.

'கேள்' என்ற வினையில் உருபு இன்னும் தெளிவாக வேலை செய்யும். 'அவரிடம் கேட்டேன்' ஆஸ்க். 'அவர் பேச்சைக் கேட்டேன்' லிசன். 'எனக்குச் சத்தம் கேட்டது' ஹியர். இடம், ஐ, கு: மூன்று உருபுக்கு மூன்று சொல். லிசன் நாமாகக் காது கொடுப்பது, ஹியர் தானாகக் காதில் விழுவது. 'கேட்டேன்', 'கேட்டது' என்ற முடிவிலேயே அதுவும் தெரிந்துவிடுகிறது.

'நம்பு' கொஞ்சம் சிக்கல். 'அவரை நம்புகிறேன்' டிரஸ்ட், 'அவர் சொல்வதை நம்புகிறேன்' பிலீவ். அதுவரை சரி. 'வருவார் என்று நம்புகிறேன்' என்பது ஹோப் ஆகவும் இருக்கலாம், பிலீவ் ஆகவும் இருக்கலாம். இங்கே 'வந்தால் நல்லது' என்று மாற்றிச் சொல்லிப் பாருங்கள். பொருந்தினால் ஹோப். ரயில் தாமதமாகும் என்று நினைப்பவர் 'ஐ ஹோப் தி டிரெயின் வில் பி லேட்' என்று எழுதினால், தாமதமாக வேண்டும் என்று அவர் ஆசைப்படுவதாக அர்த்தம்.

கெடு தேதி எழுதும்போது 'உள்' ஏமாற்றும். 'வெள்ளிக்கிழமைக்குள்' என்பதை நம்மில் பலர் 'விதின் ஃப்ரைடே' என்று எழுதுகிறோம். அது 'பை ஃப்ரைடே' என்று இருக்க வேண்டும். 'விதின்' கால அளவோடு சேரும், 'பை' காலப் புள்ளியோடு சேரும். 'ஐந்து மணிக்குள்' என்றால் பை, 'ஐந்து மணி நேரத்துக்குள்' என்றால் விதின். நடுவே 'நேரம்' இருக்கிறதா என்று பார்த்தால் போதும். 'வரை' வந்தால் அன்டில்: அதுவரை ஒரு செயல் தொடர்ந்து நடக்கிறது, அல்லது நடக்காமலே இருக்கிறது.

உருபு கைகொடுக்காத இடங்களும் உண்டு. மரத்தடியில் ஒதுங்கும் நிழல் ஷேட், தரையில் விழும் நம் உருவம் ஷேடோ. 'நிழலில் நின்றேன்', 'நிழலைப் பார்த்தேன்' என்று வேறு வேறு உருபு வந்தாலும் இதில் அதை நம்ப முடியாது. அந்த நிழலுக்கு ஒரு வடிவம் உண்டா என்று கேட்டுக்கொள்ளுங்கள். உண்டென்றால் ஷேடோ. இந்த மாதிரி ஜோடிகளுக்கு, ஆங்கிலம் கற்பவர்களுக்கென்றே தொகுத்த ஆங்கிலம்-ஆங்கில அகராதியைத் திறந்து, விளக்கத்தைவிட எடுத்துக்காட்டு வாக்கியங்களைப் படியுங்கள். தெசாரஸ் இதற்கு உதவாது. அது ஒத்த சொற்களைக் கூட்டிவைக்குமே தவிர, பிரித்துக் காட்டாது.

பொருள் ஏறக்குறைய ஒன்றாகவே இருந்து, மரியாதை மட்டும் மாறும் ஜோடிகள் தனி ரகம். 1066இல் பிரான்சின் வடபகுதியிலிருந்து வந்த நார்மன்கள் இங்கிலாந்தைப் பிடித்தபின் அரசவையிலும் நீதிமன்றத்திலும் பிரெஞ்சு புழங்கியது. அந்த வழியில் வந்த சொற்கள் பழைய ஆங்கிலச் சொற்களுக்குப் பக்கத்திலேயே குடியேறின. ஆஸ்க் பழையது, இன்குவயர் பிரெஞ்சு வழி வந்தது. பிகின் பழையது, கமென்ஸ் பிரெஞ்சு வழி வந்தது. தமிழில் 'கேட்டார்', 'வினவினார்' என்பதற்கு இடையே உள்ள தூரம்தான் இங்கேயும். 'கமென்ஸ்' ஒப்பந்தத்துக்கும் அரசு அறிவிப்புக்கும் பொருந்தும். சக ஊழியருக்கு அனுப்பும் மின்னஞ்சலில் 'பிகின்' அல்லது 'ஸ்டார்ட்' போடுங்கள்.