பள்ளக் காணியில் பங்கு மண்டபம் கட்டப் போகிறீர்களா?

கொழும்பில் ஒரு கத்தோலிக்கப் பங்குக்கென்று காணி கிடைப்பதே பெரிய விஷயம். அதுவும் மட்டக்குளி, கிராண்ட்பாஸ் பக்கம் என்றால் ஆற்றையோ கால்வாயையோ ஒட்டிய பள்ளமாக இருக்க நிறைய வாய்ப்பு உண்டு. பரவாயில்லை, கட்டலாம். ஆனால் முகப்பு எப்படி, மேடை எங்கே என்று கமிட்டி பேசத் தொடங்குமுன் மண்ணைப் பாருங்கள்.

ஒரே துளையோடு மண் பரிசோதனையை முடிக்காதீர்கள். மேலே யாரோ எப்போதோ கொட்டிய கிறவலும் குப்பையும், அதற்குக் கீழே பீட் என்கிற மக்கிய கறுப்புச் சேறும் இருக்கலாம், அதன் ஆழம் காணியின் ஒரு மூலைக்கும் மறு மூலைக்கும் மாறும். பீட் வருடக்கணக்கில் அமுங்கும், அமுங்கும்போது, கட்டிடத்தைத் தாங்க ஆழமாக இறக்கும் கம்பமான பைலையும் பிடித்துக் கீழே இழுக்கும். இந்த இழுவையைக் கணக்கில் சேர்த்தீர்களா என்று பொறியியலாளரிடம் நேராகவே கேளுங்கள். கீழ்த்தளத் தரையையும் நிரப்பிய மண்ணில் படுக்க வைக்காமல் பீம்களில் தாங்கவிடுங்கள், இல்லாவிட்டால் தூண்கள் அப்படியே நிற்க தரை மட்டும் இறங்கிவிடும்.

பைலை அடித்து இறக்கினால் அதிர்வில் பக்கத்து வீட்டுச் சுவர்கள் வெடிக்கலாம். துளைத்து கொங்கிரீட் ஊற்றுவதுதான் வீடுகள் நெருங்கிய தோட்டக் குடியிருப்புகளுக்குச் சரி. அப்படியென்றாலும் வேலை தொடங்குமுன் அயல் வீடுகளில் ஏற்கெனவே உள்ள வெடிப்புகளைப் படம் எடுத்து, வீட்டுக்காரரிடமும் ஒரு பிரதி கொடுத்துவிடுங்கள்.

காணியை உயர்த்தினால் உங்கள் வெள்ளம் அடுத்த வீட்டுக்குப் போகும். ஒரு கோயில் அதைச் செய்யக்கூடாது. எனவே கீழ்த்தளத்தைத் தூண்களோடு திறந்து விட்டு வாகனம் நிறுத்த வைத்துக்கொண்டு, மண்டபத்தை முதலாம் மாடிக்கு ஏற்றுங்கள். 2016 மே மாதம் களனி ஆறு பெருகிய மாதிரி இன்னொரு முறை வந்தாலும் அயல் சனம் வந்து தங்க இடம் இருக்கும். அதற்காக மின் பலகை, ஜெனரேட்டர், சமையலறை எல்லாமே மேலே இருக்க வேண்டும்.

சக்கர நாற்காலிக்குச் சரிவுப் பாதை போடலாமே என்பார்கள். 12 அடிக்கு 1 அடி என்ற சரிவில் 10 அடி ஏற 120 அடி வேண்டும், திரும்புமிடங்கள் தனி. சின்னக் காணியில் அது நடக்காது, லிஃப்டுக்கு இப்போதே காசு ஒதுக்குங்கள், அதன் குழிக்குள் தண்ணீர் இறங்காமல் கட்டச் சொல்லுங்கள். படியின் திருப்பங்களையும் சவப்பெட்டி திரும்பும் அளவுக்கு அகலமாக்குங்கள். கலியாணத்துக்கு மட்டுமா மண்டபம்?

மண்டபத்துக்கு மேல் இன்னொரு மாடி கட்டாமல் இரும்புக் கூரை போட்டால் நடுவில் தூண் வராது, பைலுக்குப் பாரமும் குறையும். மறைக்கல்விக்கும் டியூஷனுக்கும் மடக்குத் தடுப்புகள் போதும். கதிரை அடுக்கப் பெரிய அறை ஒன்று கட்டாயம், பிளானில் முதலில் வெட்டுப்படுவது அதுதான், விடாதீர்கள்.

பிளான் மாநகர சபைக்குப் போகுமுன் காணி அபிவிருத்திக் கூட்டுத்தாபனத்திடம் வடிகால் விஷயத்தைப் பேசி முடியுங்கள். கட்டி முடிந்ததும், பிளான்படி கட்டியதற்கான இணக்கச் சான்றிதழ் கையில் வந்த பிறகே திறப்பு விழாவுக்கு ஆயரிடம் நாள் கேளுங்கள்.