பாலியின் பாத்தூர் மலையில் சூரியோதயம்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

பாலித் தீவுக்குப் போகிறவர்களில் பலர் ஒரு விடியற்காலையைப் பாத்தூர் மலைக்கென்று ஒதுக்கிவிடுகிறார்கள். உயரம் 1,717 மீட்டர். நள்ளிரவு தாண்டி வண்டி வரும், நாலு மணி வாக்கில் ஏறத் தொடங்கினால் இரண்டு மணி நேரத்தில் உச்சி, சூரியனைப் பார்த்துவிட்டு மதியச் சாப்பாட்டுக்குள் விடுதிக்குத் திரும்பிவிடலாம். கேட்க எளிதாகத்தான் இருக்கிறது. உடம்பு நன்றாக உள்ள யாரும் ஏறலாம் என்பதும் உண்மைதான். ஆனால் இது இருட்டில், தூக்கம் கெட்ட உடம்போடு, இன்னும் அணையாத ஓர் எரிமலையின் மேல் நடக்கும் நடை. அதை மறந்து, காலையில் கோயில், மதியம் நீர்வீழ்ச்சி என்ற பட்டியலில் இன்னொரு வரியாக இதையும் சேர்த்துக்கொள்வதில்தான் தவறுகள் தொடங்குகின்றன. அவற்றில் பெரும்பாலானவை மலையடிவாரத்தைத் தொடும் முன்பே, அறையில் உட்கார்ந்து திட்டம் போடும்போதே நடந்துவிடுகின்றன.

முதலில் தங்கும் இடம். தெற்கே குத்தாவிலோ செமிஞாக்கிலோ அறை எடுத்துக்கொண்டு அங்கிருந்தே பாத்தூருக்குப் போக நினைப்பவர்கள் அதிகம். அங்கிருந்து மலையடிவாரம் ஏறக்குறைய இரண்டு மணி நேரப் பயணம். வண்டி ஒரு மணிக்கே வாசலில் நிற்கும். அப்படியென்றால் அன்று தூக்கமே இல்லை. தீவின் நடுப்பகுதியில் உள்ள உபுத்தில் தங்கினால் ஒரு மணி நேரம் மிச்சமாகும். எல்லாவற்றையும் விட நல்லது, முந்தைய நாளே மலையைச் சுற்றியுள்ள கிந்தாமணிப் பகுதிக்குப் போய், அடிவாரத்துப் பாத்தூர் ஏரியின் கரையில் உள்ள தோயா புங்கா கிராமத்தில் ஓர் இரவு தங்குவது. மூன்று மணிக்கு எழுந்தால் போதும். ஏரியையும் மலையையும் பகல் வெளிச்சத்தில் பார்த்துவிட்டு ஏறுவதால், இருட்டில் எங்கே நடக்கிறோம் என்பதும் பிடிபடும். அந்த முந்தைய இரவு பியர், பார்ட்டி எல்லாம் வேண்டாம். காரமான பெரிய சாப்பாடும் வேண்டாம். எட்டு மணிக்குள் எளிதாகச் சாப்பிட்டுப் படுத்துவிடுங்கள்.

அடுத்தது பலருக்குத் தோன்றவே தோன்றாத ஒரு விஷயம், ஸ்கூபா டைவிங். பாலியின் கிழக்குக் கரையில் அமெத், துலாம்பென் பகுதிகளில் கடலுக்கடியில் மூழ்கிப் பார்ப்பது பிரபலம். பகலில் அங்கே டைவ் செய்துவிட்டு அன்றிரவே பாத்தூருக்குக் கிளம்புவது சிலருக்கு வசதியான திட்டமாகத் தெரிகிறது. அது ஆபத்து. ஆழத்தில் அழுத்தத்தில் சுவாசிக்கும்போது உடம்பில் கரையும் நைட்ரஜன், அழுத்தம் குறையும் உயரத்துக்கு வேகமாகப் போனால் குமிழியாக மாறலாம். டைவ் செய்த பிறகு விமானம் ஏற இடைவெளி விடச் சொல்வது இதனால்தான்: ஒரே ஒரு டைவ் என்றால் குறைந்தது 12 மணி நேரம், ஒரே நாளில் பல டைவ் அல்லது தொடர்ந்து சில நாள் என்றால் 18 மணி நேரம். விமானத்துக்குள் இருக்கும் காற்றழுத்தத்துக்கும் 1,700 மீட்டர் மலையுச்சியின் காற்றழுத்தத்துக்கும் பெரிய வித்தியாசம் இல்லை. அதனால் அதே கணக்கு இங்கேயும் பொருந்தும். மலையை முதலில் வைத்துவிட்டுக் கடலுக்கு அப்புறம் போவதுதான் சரியான வரிசை.

காலத்தைத் தேர்ந்தெடுப்பதிலும் தவறு நடக்கிறது. நவம்பர் முதல் மார்ச் வரை மழைக்காலம். ஏற முடியாது என்றில்லை, ஆனால் உச்சியில் வெள்ளை மேகத்துக்குள் நின்றுவிட்டுத் திரும்ப வேண்டி வரலாம். ஏப்ரல் முதல் அக்டோபர் வரை வானம் தெளிவாக இருக்க வாய்ப்பு அதிகம். ஜூலையும் ஆகஸ்டும் கூட்டத்தின் உச்சம், பாதை நெடுக டார்ச் வெளிச்சம் ஊர்ந்துகொண்டே இருக்கும். என்னைக் கேட்டால் மே அல்லது செப்டம்பரைத்தான் சொல்வேன். மார்ச் வாக்கில் வரும் ஞெப்பி நாளையும் பார்த்துக்கொள்ளுங்கள். பாலி இந்துக்களின் புத்தாண்டான அன்று 24 மணி நேரம் யாரும் வெளியே வரக்கூடாது, விமான நிலையம்கூட மூடியிருக்கும்.

படம் எடுக்கப் போகிறவர்களுக்கு ஒரு சொல். பாலியின் மிக உயரமான ஆகுங் மலைக்குப் பின்னாலிருந்து சூரியன் எழும் காட்சியை மனதில் வைத்துக்கொண்டு போய் ஏமாறாதீர்கள். பாத்தூர் உச்சியிலிருந்து பார்த்தால் ஆபாங் மலையும் அதன் பின்னே ஆகுங்கும் தென்கிழக்கில் நிற்கின்றன. ஜூன், ஜூலையில் சூரியன் வடகிழக்கில் உதிக்கும், அதாவது அவற்றுக்கு வெகு தூரம் இடப்பக்கம். மார்ச், செப்டம்பர் மாதங்களில் நேர் கிழக்கே, வானம் தெளிவாக இருந்தால் லொம்போக் தீவின் ரிஞ்சானி தெரியும் திசைக்குப் பக்கத்தில். எந்த மாதமானாலும் ஆகுங்கின் நிழலுருவம் அழகுதான்.

நேரம் பற்றித் தெரிந்துகொள்ள வேண்டியது இன்னொன்று உண்டு. பூமத்திய ரேகைக்கு அருகே சூரியன் கிட்டத்தட்ட செங்குத்தாக எழுகிறது. அதனால் விடியல் சட்டென்று முடிந்துவிடும். கீழ்வானம் சிவந்து, ஏரி மெல்லத் தெரிய ஆரம்பித்து, சூரியன் எட்டிப்பார்க்கும் வரையிலான நல்ல வெளிச்சம் அரை மணி நேரம்கூட இல்லை. சூரியன் வந்த பிறகு மூச்சிரைக்க வந்து சேர்பவர்கள் அதைத்தான் இழக்கிறார்கள். பாலியில் சூரியோதயம் நவம்பர் தொடக்கத்தில் 5.50 வாக்கில், ஜூலையில் 6.35 வாக்கில். முக்கால் மணி நேர வித்தியாசம். உங்கள் தேதிக்கு எத்தனை மணி என்று பார்த்து, அதற்கு அரை மணி முன்னதாக உச்சியில் இருக்கும்படி கிளம்புகிறார்களா என்று பதிவு செய்யும்போதே கேளுங்கள். நீங்கள் மெதுவாக நடப்பவர் என்றால் அதையும் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள், சீக்கிரமே புறப்பட ஏற்பாடு செய்வார்கள்.

கைடு எதற்கு?

'பாதை தெளிவாக இருக்கிறது, கைபேசியில் வரைபடம் இருக்கிறது, கைடுக்கு எதற்குப் பணம்?' என்று கேட்பவர்கள் உண்டு. பாத்தூரில் உள்ளூர்க் கைடுகளின் சங்கம் இருக்கிறது. தனியாக ஏற வருபவர்களை அடிவாரத்திலேயே நிறுத்திவிடுவார்கள். அங்கே நின்று வாக்குவாதம் செய்வது நேரத்துக்குக் கேடு. அதைவிட முக்கியமானது, இந்த மலையோடு அந்த ஊர்க்காரர்களுக்கு உள்ள உறவு. 1926இல் பாத்தூர் வெடித்தபோது எரிகுழம்பு அவர்களுடைய பழைய கிராமத்தையும் கோயிலையும் மூடிவிட்டது. பிழைத்தவர்கள் மலையைச் சுற்றியுள்ள பழைய பெரும் எரிமலைப் பள்ளத்தின் விளிம்பில், மேலே ஊரைக் கட்டிக்கொண்டார்கள், உலுன் தானு பாத்தூர் கோயிலும் அங்கே எழுந்தது. ஏரியின் தெய்வமான தேவி தானுவுக்கு உரிய கோயில் அது. கீழே உள்ள வயல்களுக்குத் தண்ணீர் பங்கிடும் சுபாக் முறையில் அந்தக் கோயிலுக்கு இன்றும் முக்கிய இடம் உண்டு. 1963இல் வழிந்த குழம்பு இன்றும் அடிவாரத்தில் கறுப்புப் பாறையாகக் கிடக்கிறது. கடைசியாக வெடித்தது 2000இல். இவ்வளவையும் பார்த்த குடும்பங்களிலிருந்து வருகிறவர்தான் உங்கள் முன்னே டார்ச்சோடு நடக்கிறார். அவரை வழிகாட்டும் விளக்காக மட்டும் நினைத்துவிடாமல் கேள்வி கேளுங்கள். மலையைப் பற்றி எனக்குப் பிடித்த விஷயங்கள் எல்லாம் கைடுகள் சொன்னவைதான்.

பதிவு செய்யும்போது விலையை மட்டும் பார்ப்பது தவறு. ஒரு கைடுக்கு எத்தனை பேர் என்பதே முதல் கேள்வியாக இருக்கட்டும். நாலைந்து பேருக்கு ஒருவர் என்றால் சரி. பெரிய கும்பலுக்கு ஒருவர் என்றால் பின்தங்குபவரைக் கவனிக்க ஆள் இருக்காது. டார்ச் தருவார்களா, காலை உணவு என்ன, நுழைவுக் கட்டணம் சேர்ந்ததா என்பதெல்லாம் அடுத்து. உச்சியில் பெரும்பாலும் அவித்த முட்டை, வாழைப்பழம், ரொட்டிதான் கிடைக்கும். எரிமலையின் ஆவி வரும் பிளவுகளில் முட்டையை வேகவைத்துக் காட்டுவதும் உண்டு. முட்டை சாப்பிடாதவர்கள் முந்தைய நாளே சொல்லிவிட வேண்டும், அங்கே போய்க் கேட்டால் மாற்று எதுவும் இருக்காது. பையில் கொஞ்சம் கடலை மிட்டாயோ பேரீச்சையோ வைத்துக்கொள்வது நல்லது.

கைடு 'இன்று வேண்டாம்' என்றாலோ 'இதற்கு மேல் போகக்கூடாது' என்றாலோ கேட்டுக்கொள்ளுங்கள். இந்தோனேசியாவில் எரிமலைகளின் நிலையை நான்கு படிகளாக அறிவிக்கிறார்கள். முதல் படி இயல்பு நிலை, நான்காவது உச்ச எச்சரிக்கை. கிளம்பும் முன் பாத்தூர் எந்தப் படியில் இருக்கிறது என்று பாருங்கள், 'மாக்மா இந்தோனேசியா' என்ற அரசுத் தளத்தில் கிடைக்கும். 2023 டிசம்பர் 3 அன்று சுமத்ராவின் மராப்பி மலை திடீரென்று வெடித்து மலையேறிகள் 20க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். அப்போது அந்த மலை இரண்டாம் படியில் இருந்தது, எரிமலைவாய்க்கு 3 கிலோமீட்டருக்குள் போக வேண்டாம் என்ற எச்சரிக்கையும் இருந்தது. இரண்டாம் படிதானே என்று யாராவது அலட்சியமாகச் சொன்னால் மராப்பியை நினைத்துக்கொள்ளுங்கள்.

உடுப்பும் நடையும்

வெப்பமண்டலத் தீவுதானே என்று அரைக்கால் சட்டையும் மெல்லிய பனியனுமாகப் போய் உச்சியில் நடுங்குவது அடிக்கடி காணும் காட்சி. கடற்கரையைவிட உச்சி சுமார் 10 டிகிரி குளிராக இருக்கும், காற்றும் சேர்ந்தால் இன்னும் உறைக்கும். ஆனால் குளிரைவிட வியர்வைதான் பெரிய தொல்லை. ஏறும்போது நன்றாக வியர்த்து, உடுத்திய பருத்திப் பனியன் நனைந்து, அதோடு உச்சியில் ஒரு மணி நேரம் சும்மா உட்கார்ந்தால் எலும்புவரை குளிரும். ஏறும்போது மெல்லிய உடையே போதும். மேலே போனதும் உடனே மாற்றிக்கொள்ள ஒரு காய்ந்த பனியனும், மேலே போட்டுக்கொள்ளக் காற்று புகாத ஜாக்கெட்டும் பையில் இருக்க வேண்டும்.

செருப்பில் வருபவர்கள் இன்னும் இருக்கிறார்கள். கைடுகள் சிலர் செருப்பில் ஓடுவதைப் பார்த்து ஏமாந்துவிடாதீர்கள், அவர்கள் கால்கள் அந்த மலைக்கே பழகியவை. பாதையின் தொடக்கம் தக்காளி, வெங்காயத் தோட்டங்களினூடே சமமாகப் போகும். அப்புறம் செங்குத்து, கடைசிப் பகுதியில் உருளும் எரிமலைச் சரளை. அடிப்பாகத்தில் நல்ல பிடிப்புள்ள, ஏற்கனவே போட்டுப் பழகிய ஷூ வேண்டும். டார்ச்சைக் கையில் பிடிக்காமல் தலையில் மாட்டிக்கொள்ளுங்கள், இரண்டு கையும் தேவைப்படும். தண்ணீர் ஒன்றரை லிட்டர்.

நடையில் எல்லோரும் செய்யும் தவறு, முதல் அரை மணி நேரம் வேகமாகப் போவது. சமதளம் என்பதால் கால்கள் தானாக ஓடும். செங்குத்து வரும்போது மூச்சு தீர்ந்திருக்கும். தொடக்கத்திலிருந்தே பேசிக்கொண்டே நடக்க முடிகிற வேகத்தில் போங்கள். வழியில் மோட்டார் சைக்கிளில் கொண்டுபோய் விடுகிறேன் என்று ஓஜெக்காரர்கள் கேட்பார்கள். வேண்டுமென்றால் விலை பேசிவிட்டு ஏறுங்கள், வேண்டாம் என்றால் சிரித்துக்கொண்டே வேண்டாம் என்று சொன்னால் போதும்.

களைப்பு வந்தால் மறைக்காதீர்கள். குழு முன்னே போகட்டும், நான் பின்னால் வருகிறேன் என்று இருட்டில் தனியே உட்கார்வதுதான் மிக மோசமான முடிவு. 2025 ஜூனில் ரிஞ்சானி மலையில் விடியலுக்கு முன் உச்சிக்கு ஏறிக்கொண்டிருந்த பிரேசில் நாட்டுப் பெண் ஒருவர், களைத்துப் பின்தங்கியிருந்த நேரத்தில் பள்ளத்தில் விழுந்து இறந்துபோனார். மீட்புக் குழு அவரை நெருங்கவே நாட்கள் ஆயின. ரிஞ்சானி 3,726 மீட்டர், பாத்தூரைவிடப் பல மடங்கு கடினம். ஆனாலும் விதி ஒன்றுதான்: ஒருவர் உட்கார்ந்தால் அவரோடு இன்னொருவர் இருக்க வேண்டும், கைடுக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

உச்சியில் குரங்குகள் வரும். உணவு கொடுக்காதீர்கள், பையைத் திறந்து வைக்காதீர்கள். பாலியில் 2008இலிருந்து ரேபிஸ் நோய் இருக்கிறது. கடித்தாலோ கீறினாலோ உடனே சோப்புப் போட்டுக் கழுவிவிட்டு, அன்றைக்கே மருத்துவமனைக்குப் போய்த் தடுப்பூசி போட வேண்டும். ஆவி வரும் பிளவுகளில் கையை நுழைத்துப் பார்ப்பதும், எரிமலைவாயின் விளிம்பில் பின்னோக்கி நடந்து செல்ஃபி எடுப்பதும் வேண்டாம். பூவும் அரிசியும் வைத்த சிறிய படையல்கள் வழியில் இருக்கும், காலில் படாமல் தாண்டிப் போங்கள். பாலி மக்களுக்கு மலைகள் கோயிலுக்குச் சமம். 2023இல் ஆகுங் உச்சியில் உடையை அவிழ்த்துப் படம் எடுத்துக்கொண்ட வெளிநாட்டுக்காரரை நாட்டைவிட்டே அனுப்பிவிட்டார்கள்.

இறக்கத்தை யாரும் கணக்கில் எடுப்பதில்லை. வழுக்கி விழ வாய்ப்பு அப்போதுதான் அதிகம், ஏனென்றால் பார்க்க வந்ததைப் பார்த்தாயிற்று என்று கவனம் போய்விடுகிறது, சரளையும் காலடியில் உருள்கிறது. முழங்காலைக் கொஞ்சம் மடக்கி, சிறு சிறு எட்டுகளாக இறங்குங்கள். கைத்தடி இருந்தால் இங்கேதான் உதவும். அன்றே மாலை விமானம் பிடிப்பது, மதியமே நீண்ட கார்ப் பயணம் என்றெல்லாம் வைத்துக்கொள்ளாதீர்கள். கைடுக்குக் கொடுக்க நினைக்கும் அன்பளிப்பை ரூபியாவில் தனியாக எடுத்து வைத்திருங்கள், அடிவாரத்தில் சில்லறை மாற்ற இடம் கிடைக்காது.

முழங்கால் வலி உள்ள பெற்றோரையும் ஏறத் தயங்குபவர்களையும் வற்புறுத்திக் கூட்டிப் போக வேண்டியதில்லை. எரிகுழம்புப் பாறைப் பகுதிக்கும் காட்சிமுனைகளுக்கும் விடியலுக்கு ஜீப் போகிறது, ஏரியும் ஆபாங்கும் அங்கிருந்தும் நன்றாகத் தெரியும். அவர்களுக்கு ஜீப்பும் உங்களுக்குக் கைடும் ஒரே நாளில் பதிவு செய்துவிட்டு, ஒன்பது மணி வாக்கில் தோயா புங்காவின் வெந்நீர் ஊற்றுக் குளத்தில் எல்லோரும் சேர்ந்துகொள்ளலாம். மாற்றுத் துணி மட்டும் வண்டியில் இருக்கட்டும்.