பறவைக் கண்மாயை ஊரே பார்த்துக்கொள்வது எப்படி?

கண்மாயைக் காப்பாற்ற வேண்டும், எங்கிருந்து ஆரம்பிக்கலாம் என்று கேட்டு வருகிற இளவட்டங்களுக்கு நான் சொல்வது ஒன்றுதான். மரக்கன்று, குப்பைப் பை எல்லாம் அப்புறம். முதலில் கண்மாய்க்குத் தண்ணீர் கொண்டுவருகிற வரத்துக்காலை ஒருமுறை கடைசிவரை நடந்து பாருங்கள். தண்ணீர் வந்தால் மீன் வரும், மீன் வந்தால் நாரை தானே வரும்.

எங்கள் ராமநாதபுரம் சீமையில் மலை கிடையாது, அடர்ந்த காடும் கிடையாது. கடலோரம் பனை, மணல்மேடு, மன்னார் வளைகுடாவில் 1986இல் கடல்சார் தேசியப் பூங்காவாக அறிவித்த தீவுகள். கடற்கரையை விட்டு உள்ளே வந்தால் கண்மாய்கள். காட்டுயிரைப் பக்கத்தில் பார்க்க வேண்டுமென்றால் எங்களுக்கு இந்தக் கண்மாய்கள்தான் காடு. சித்திரங்குடியும் காஞ்சிரங்குளமும் 1989இலேயே சரணாலயம் ஆகிவிட்டன. 1998இல் அறிவிக்கப்பட்ட மேலச்செல்வனூர் கீழச்செல்வனூர் சுமார் 593 ஹெக்டேர். தேர்த்தங்கல் 2010, சக்கரக்கோட்டை 2012. இதில் சக்கரக்கோட்டை ராமநாதபுரம் நகரை ஒட்டியே கிடக்கிறது. வீட்டுமனைக் கல்லும் கூழைக்கடாக் கூடும் ஒரே பார்வையில் தெரிகிற இடம் அது. 2025இல் தேர்த்தங்கலோடு சேர்ந்து சக்கரக்கோட்டைக்கும் உலக அளவில் முக்கியமான ஈரநிலம் என்கிற ராம்சர் தகுதி கிடைத்தபோது எனக்கு அப்படி ஒரு சந்தோஷம்.

ஆனால் ஒன்றை மறக்கக் கூடாது. இவை எதுவும் தானாக உண்டான ஏரி இல்லை. மழை மூன்று மாதம் பெய்து ஒன்பது மாதம் காய்கிற தட்டை நிலத்தில், கடல் பக்கத்தில் இருப்பதால் தோண்டினால் உப்புத் தண்ணீர் வருகிற ஊர்களில், மனிதர் கை மண்ணள்ளிப் போட்டுக் கரை கட்டித் தேக்கியவை. நாரை பறக்காத நாற்பத்தெட்டு மடை என்று ராஜசிங்கமங்கலம் கண்மாயைச் சொல்வார்கள். வைகையே கடைசியில் ராமநாதபுரம் பெரிய கண்மாயில்தான் வந்து அடங்குகிறது. சேதுபதிகள் காலத்திலும் அதற்கு முன்னும் வெட்டியதைத் தலைமுறை தலைமுறையாகக் காத்தது குடிமராமத்து: வீட்டுக்கு ஓர் ஆள் மண்வெட்டியோடு வர வேண்டும், வராவிட்டால் கூலி கொடுக்க வேண்டும். மடை திறக்கவும் அடைக்கவும் நீர்ப்பாய்ச்சி என்று ஒருவர், அவருக்கு அறுவடையில் நெல். 1948இல் ஜமீன் ஒழிப்புச் சட்டம் வந்து கண்மாய்கள் அரசு கைக்குப் போனதும், இது நம்முடையது இல்லை என்கிற எண்ணம் மெல்ல ஊருக்குள் வந்துவிட்டது. பறவைக் கண்மாயைப் பார்த்துக்கொள்வது என்றால் அந்தப் பழைய வேலையைத் திரும்பக் கையில் எடுப்பதுதான்.

சரி, வேலைக்கு வருவோம்.

உங்கள் கண்மாய் யார் பொறுப்பில் இருக்கிறது என்று தெரிந்துகொள்ளுங்கள். நூறு ஏக்கருக்கு மேல் ஆயக்கட்டு, அதாவது கண்மாய்த் தண்ணீர் பாய்கிற நிலம், இருந்தால் நீர்வளத்துறை, அதற்குக் கீழே என்றால் ஊராட்சி ஒன்றியம். சரணாலயமாக அறிவித்த கண்மாய் என்றால் மரத்துக்கும் பறவைக்கும் வனத்துறைதான் பொறுப்பு, அவர்கள் அனுமதி இல்லாமல் உள்ளே ஒரு கிளையைக்கூட வெட்டக் கூடாது. வன உயிரினக் காப்பாளர் அலுவலகம் ராமநாதபுரத்திலேயே இருக்கிறது, நேரில் போய்ப் பேசுங்கள். கிராம நிர்வாக அலுவலரிடம் அ-பதிவேடு என்கிற ஊர் நிலக்கணக்கைப் பார்த்துக் கண்மாய்க்கும் வரத்துக்காலுக்கும் உரிய புல எண்களைக் குறித்துக்கொள்ளுங்கள், புலப்படத்தையும் கையில் வாங்கிக்கொள்ளுங்கள். இந்தக் காகிதங்கள் இல்லாமல் போனால் எந்த அலுவலகத்திலும் பேச்சு ஐந்து நிமிடத்தில் முடிந்துவிடும்.

அப்புறம் நடை. ஆடி, ஆவணியில் கால்வாய் காய்ந்து கிடக்கும்போது நடக்க வேண்டும். கூட ஒரு வயதான விவசாயியைக் கட்டாயம் அழைத்துப் போங்கள், படத்தில் இல்லாத பத்து விஷயம் அவருக்குத் தெரியும். நாங்கள் நடந்தபோது என்ன கண்டோம் தெரியுமா? மூன்று வருஷமாகக் கண்மாய் பாதிகூட நிறையாததற்கு ஆக்கிரமிப்புதான் காரணம் என்று ஊரே பேசிக்கொண்டிருந்தது. போய்ப் பார்த்தால், ஒரு புதுச் சாலைக்கு அடியில் போட்ட சிமெண்ட் குழாயின் வாய் கால்வாய்த் தரையைவிட ஒரு சாண் உயரத்தில் இருக்கிறது. வருகிற தண்ணீர் குழாய்க்குள் ஏற முடியாமல் முட்டி நின்று பக்கத்துப் புஞ்சையில் பரவி வீணாகியிருக்கிறது. கூட வந்த பெரியவர் குனிந்து சாணால் அளந்து காட்டினார். அந்த ஒரு சாணைப் போட்டோ எடுத்து, புல எண்ணோடு மனு எழுதி, திங்கட்கிழமை குறைதீர் நாளில் கலெக்டர் அலுவலகத்தில் கொடுத்தோம். ஒரு தடவையில் நடக்கவில்லை, நாலு தடவை போனோம். குழாயை இறக்கிப் போட்ட வருஷம் கண்மாய் நிறைந்து, மிஞ்சிய தண்ணீர் வழிகிற கலுங்கில் தண்ணீர் தட்டியது.

மனுவோடு நிற்காமல் கிராம சபையில் தீர்மானமும் போடுங்கள். இப்போது வருஷத்துக்கு ஆறு கிராம சபை: ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. இதில் மார்ச் 22 தண்ணீர் தினம், கண்மாய்ப் பேச்சை எடுக்க நல்ல நாள். ஆக்கிரமிப்பு நிஜமாகவே இருந்தால், நீர்வளத்துறைக் கண்மாய்களுக்கு 2007ஆம் ஆண்டுச் சட்டம் இருக்கிறது, அளந்து அகற்றச் சொல்லிக் கேட்கலாம். ஆனால் பக்கத்து வீட்டுக்காரரோடு சண்டையாகத் தொடங்கினால் வேலை அங்கேயே நின்றுவிடும். முதலில் உட்கார்ந்து பேசுங்கள்.

சீமைக்கருவேலத்தைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், தப்பு அதிகம் நடப்பது இங்கேதான். 2017இல் அதை அகற்றச் சொன்ன உயர் நீதிமன்ற மதுரைக் கிளையின் உத்தரவுக்குப் பிறகு ஊர் ஊராக ஜேசிபி இறங்கியது, நல்ல நோக்கம்தான். ஆனால் மேலோடு வெட்டிவிட்டு வந்தால் அடுத்த மழையில் ஒரு தூரிலிருந்து பத்துக் கிளை வெடித்துக் கிளம்பும். தூரோடு தோண்டி எடுக்க வேண்டும், எடுத்த இடத்தில் அடுத்த இரண்டு மழைக்கும் போய் முளைத்ததைக் கையால் பிடுங்க வேண்டும். ஈர மண்ணில் ஒரு சாண் கன்று சுலபமாக வரும், முழ உயரம் ஆகிவிட்டால் கடப்பாரை இல்லாமல் வராது. காயைத் தின்ற ஆடு மாடு புழுக்கையிலும் சாணியிலும் விதையைக் கொண்டுவந்து போட்டுக்கொண்டே இருக்கும், ஆகவே ஒரு வருஷத்து வேலை என்று நினைக்காதீர்கள்.

இன்னொன்று: நாட்டுக்கருவேலையும் சீமைக்கருவேலையும் பிரித்துப் பார்க்கத் தெரியாதவரை வெட்ட அனுப்பாதீர்கள். நாட்டுக்கருவேலில் பூ உருண்டையாகப் பொன் மஞ்சள் நிறத்தில் இருக்கும், காய் மணிமணியாகக் கொலுசு கோத்த மாதிரி தொங்கும். சீமைக்கருவேலில் பூ வெளிறிய கதிர், காய் நீளமாக மஞ்சளாக இனிப்பாக இருக்கும். தண்ணீருக்குள் மாதக்கணக்கில் நின்று தாங்கி, நாரைக்கும் கூழைக்கடாவுக்கும் கூடு கட்ட இடம் கொடுப்பது நாட்டுக்கருவேல். அது குறைந்த கண்மாய்களில் பறவைகள் சீமைக்கருவேலத்திலேயே கூடு கட்டப் பழகிவிட்டன. அதனால் ஒரே மூச்சில் எல்லாவற்றையும் அழித்தால் அடுத்த மார்கழியில் வருகிற பறவை உட்கார இடம் இருக்காது. கரையிலும் வரத்துக்காலிலும் இருப்பதை முதலில் எடுங்கள். கண்மாய்க்குள் கூடு இருந்த மரங்களை விட்டுவிட்டு, பக்கத்தில் நாட்டுக்கருவேல் வைத்து, அது ஆளுயரம் வளர்ந்த பிறகு படிப்படியாக மாற்றலாம். அதையும் கூடு கட்டும் காலம் முடிந்த பிறகு, பறவை முழுக்கப் போன பிறகுதான் செய்ய வேண்டும். கரிமூட்டம் போட்டுப் பிழைக்கிறவர்களை இந்த வேலையில் சேர்த்துக்கொள்ளுங்கள், மரத்தையும் தூரையும் அவர்களைவிட நன்றாக அறிந்தவர் யாரும் இல்லை.

நான் செய்த ஒரு தப்பையும் சொல்லிவிடுகிறேன். ஒரு தை மாதம், பள்ளிப் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு கரையோரம் குப்பை பொறுக்கப் போனோம். பிள்ளைகள் உற்சாகத்தில் கத்தினார்கள், கரைக்குப் பக்கத்து மரங்களில் அடைகாத்துக்கொண்டிருந்த கொக்கும் வக்காவும் மொத்தமாக எழும்பின. அரை மணி நேரம் திரும்பி உட்காரவே இல்லை. அதற்குள் காக்கைகள் இறங்கி முட்டையைக் குத்தித் தூக்கிக்கொண்டு போவதை நின்ற இடத்திலிருந்து பார்த்தேன். பொறுக்கிய குப்பை நாலு சாக்கு, போன முட்டை எத்தனை என்று எண்ண முடியவில்லை. அதிலிருந்து எங்கள் ஊரில் குப்பை எடுப்பது வைகாசி, ஆனியில் மட்டும்தான். கார்த்திகையிலிருந்து சித்திரை வரை கரையில் கூட்டமாக ஏறுவதில்லை, மரத்துக்குப் பக்கத்தில் போவதில்லை, டிரோன் பறக்கவிட யார் வந்து கேட்டாலும் முடியாது என்று சொல்லிவிடுகிறோம்.

பட்டாசு விஷயத்தில் பக்கத்து சிவகங்கை மாவட்டத்து வேட்டங்குடிப்பட்டி, கொள்ளுகுடிப்பட்டி மக்கள் நமக்கு வழிகாட்டி. வருகிற பறவைக்காகப் பல வருஷமாகத் தீபாவளிக்கு வெடி போடுவதில்லை அவர்கள். உங்கள் ஊரில் ஒரேயடியாக முடியாவிட்டால், கண்மாய்ப் பக்கத்துத் தெருவிலாவது தீபாவளி, கோயில் கொடை, கல்யாணம் மூன்றுக்கும் வேட்டு வேண்டாம் என்று ஊர்க்கூட்டத்தில் பேசி முடிவெடுங்கள்.

இப்போது தண்ணீர்ப் பங்கீடு. கூட்டத்தில் குரல் உயர்வது இதில்தான். மஞ்சள் மூக்கு நாரை முட்டையிட்டு, ஒரு மாதம் அடைகாத்து, குஞ்சு பறக்க இன்னும் இரண்டு மாதம் ஆகும். மார்கழியில் கூடு கட்டினால் பங்குனி வரை கூட்டுக்கு அடியில் தண்ணீர் நிற்க வேண்டும். வற்றிவிட்டால் நாயும் நரியும் மரத்தடிக்கு வந்துவிடும், தாய்ப்பறவை கூட்டைவிட்டே போய்விடும். அதே மாதங்களில்தான் நெல் கதிர் பிடிக்கிறது, அப்புறம் முண்டு மிளகாய்க்கும் தண்ணீர் வேண்டும். விவசாயியிடம் பறவைக்காக மடையை அடை என்று சொன்னால் அது நியாயமும் இல்லை, நடக்கவும் நடக்காது. நாங்கள் செய்துகொண்ட ஏற்பாடு சுலபமானது. மடை வழியாகத் தானாகப் போகிற தண்ணீர் முழுக்க வயலுக்கு. மடை மட்டத்துக்குக் கீழே நிற்கும் தண்ணீரை இஞ்சின் வைத்து இறைக்கக் கூடாது, அது பறவைக்கும் மாட்டுக்கும் ஊர்க் கிணற்றுக்கும். கடைசியில் சொன்னதுதான் எல்லோரையும் சம்மதிக்க வைத்தது, ஏனென்றால் கண்மாயில் நல்ல தண்ணீர் நிற்கிறவரைதான் எங்கள் கிணறு உவர்க்காமல் இருக்கும்.

மீன்பாசி ஏலம், அதாவது கண்மாயில் மீன் பிடிக்கிற உரிமையை ஏலம், எடுத்தவரிடமும் முன்கூட்டியே பேச வேண்டும். கூட்டு மரங்களுக்கு இடையில் நைலான் வலை கட்டினால் முங்கி மீன் பிடிக்கிற பாம்புத்தாராவும் நீர்க்காகமும் சிக்கிச் செத்துப்போகும். வலையை மறுகரைப் பக்கம் வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள். ஊத்தா என்கிற மீன்பிடிக் கூடையோடு ஊரே இறங்குகிற மீன்பிடித் திருவிழாவைக் குஞ்சுகள் பறந்த பிறகு வைத்துக்கொள்ளலாம், ஊர்ப் பெரியவர்கள் தேதி குறிக்கும்போதே சொல்லி வையுங்கள்.

கணக்கெடுப்பு இல்லாமல் எதுவும் நிலைக்காது. ஒரு கோடு போட்ட நோட்டுப் போதும். மாதம் இரண்டு முறை, கரையில் அதே இடத்தில், காலை ஆறிலிருந்து எட்டுக்குள். தேதி, நீர்மட்டம், என்ன பறவை, எத்தனை கூடு, எத்தனை குஞ்சு. பெரிய கூட்டமாக உட்கார்ந்திருந்தால் பத்துப் பறவையை எண்ணி, அது எவ்வளவு இடம் பிடிக்கிறது என்று கண்ணால் பிடித்துக்கொண்டு, அந்த அளவை நகர்த்தி நகர்த்தி எண்ணுங்கள். பொங்கல் விடுமுறையில் நடக்கிற பறவைக் கணக்கெடுப்பில் உங்கள் கண்மாயையும் சேருங்கள், வனத்துறை கணக்கெடுப்புக்கும் தன்னார்வலர்களை அழைப்பார்கள். எங்கள் ஊரில் நோட்டு எழுதுவது ஆடு மேய்க்கிற அக்கா ஒருவரும் அவர் மகளும். அக்கா சொல்வார், மகள் எழுதுவாள். நத்தைகுத்தி நாரையின் அலகு நடுவில் மூடாமல் இடைவெளி இருக்கும் என்பதைப் புத்தகம் பார்க்காமலே எனக்குக் காட்டியவர் அந்த அக்கா.

குஞ்சு கீழே விழுந்தால் வீட்டுக்குத் தூக்கிப் போகாதீர்கள், சட்டப்படி குற்றம். வாயில் தண்ணீர் ஊற்றாதீர்கள், மூச்சுக்குழலுக்குள் போய்விடும். காயம் பட்டிருந்தால் ஓர் அட்டைப்பெட்டியில் துணி விரித்து வைத்து, காற்றுக்கு ஓட்டை போட்டு மூடி, நிழலில் வைத்துவிட்டு வனத்துறைக்குப் போன் பண்ணுங்கள்.

இதில் ஊருக்கு ஏதாவது வருமானம் உண்டா என்று கேட்பார்கள், கேட்க வேண்டிய கேள்விதான். தொண்டிப் பக்கம் காரங்காட்டைப் போய்ப் பாருங்கள். அலையாத்திக் காட்டுக்குள் படகில் கூட்டிப் போவதும் வருகிறவர்களுக்குச் சமைத்துப் போடுவதும் அந்த ஊர்க்காரர்கள்தான், வனத்துறை கூட நிற்கிறது. எல்லாக் கண்மாயிலும் படகு விட முடியாது, விடவும் கூடாது. ஆனால் கரையில் நின்று காட்டித் தருகிற வேலை உள்ளூர்ப் பிள்ளைகளுக்கே போக வேண்டும் என்று ஆரம்பத்திலேயே பேசி வைத்துக்கொள்ளுங்கள்.

சித்திரை முடிந்து கண்மாய் வெடித்துக் கிடக்கும்போது வண்டல் எடுக்க ஆள் வரும். தாசில்தார் அனுமதிச் சீட்டு இருக்கிறதா என்று பாருங்கள், எந்த இடத்தில் எவ்வளவு ஆழம் என்று கூடவே நின்று காட்டுங்கள். நாட்டுக்கருவேல் நிற்கிற திட்டுகளைச் சுற்றித் தாராளமாக இடம் விட்டு எடுக்கச் சொல்லுங்கள், வேர் அறுந்த மரம் அடுத்த மழையில் கூட்டோடு சாய்ந்துவிடும்.