பழைய றொக் பாட்டுத் தேடுவோர் விடும் தவறுகள்

அறுபதுகளிலும் எழுபதுகளிலும் ஒன்றிரண்டு இசைத்தட்டு போட்டுவிட்டு மறைந்துபோன றொக் குழுக்களைத் தேடிக் கேட்கிற பிள்ளைகள் இப்போது கல்லடியிலும் இருக்கிறார்கள், கல்முனையிலும் இருக்கிறார்கள். சந்தோஷமான விஷயம். ஆனால் தேடும் விதத்தில் சில தவறுகள் திரும்பத் திரும்ப நடக்கின்றன. அதனால் நல்ல பாட்டு கண்ணில் படாமல் போகிறது. அதைவிட மோசம், ஒருவர் வாசித்த பாட்டுக்கு இன்னொருவர் பெயர் ஒட்டிக்கொள்கிறது.

முதலாவது பெயர்க் குழப்பம். நிர்வாணா என்று தேடினால் 1987இல் அமெரிக்காவில் தொடங்கிய குழுதான் வந்து நிற்கும். அதற்கு இருபது வருடம் முன்பே லண்டனில் அதே பெயரில் ஒரு குழு இருந்தது. பெயருக்காக வழக்குப் போட்டு, பிறகு இணக்கமாக முடித்துக்கொண்டார்கள். கலைடஸ்கோப் இன்னும் சிக்கல். ஒரே காலத்தில் இங்கிலாந்தில் ஒன்று, கலிபோர்னியாவில் ஒன்று. இங்கிலாந்துக் குழுவின் 1967ஆம் ஆண்டு அல்பத்தின் பெயர் டேஞ்சரின் ட்ரீம். அதே வருடம் பெர்லினில் தொடங்கிய வேறொரு குழுவின் பெயரும் அதுவே! ஆகவே பெயரை மட்டும் அடித்துத் தேட வேண்டாம். நாடு, வருடம், வெளியிட்ட கம்பனி மூன்றையும் சேர்த்துத் தேடுங்கள்.

வருடத்தையும் அப்படியே நம்ப முடியாது. பாட்டுக் கேட்கும் செயலிகள் பல நேரம் மறுவெளியீடு வந்த வருடத்தைத்தான் காட்டும். உண்மை தெரிய இசைத்தட்டின் படங்களைப் பாருங்கள். பாட்டுக் கோடுகள் முடிந்து நடு லேபிள் தொடங்குமுன் வெறுமையாக ஒரு வளையம் இருக்கும். அதில் கையால் கீறியதுபோல அல்லது அச்சால் குத்தியதுபோல சில எழுத்துகளும் இலக்கங்களும் தெரியும். முதல் பதிப்பா, பிறகு அடித்ததா, கள்ளப் பதிப்பா என்பதைப் பெரும்பாலும் அந்த இலக்கத்தை ஒப்பிட்டுத்தான் பிடிக்கிறார்கள். இசைத்தட்டு விவரங்களைத் திரட்டிவைக்கும் டிஸ்கொக்ஸ் தளத்தில் பலரும் அந்த இலக்கத்தையும் பதிந்து வைத்திருப்பது இதற்காகத்தான்.

இன்னொன்று, அட்டையில் இருக்கிற குழு உண்மையிலேயே இருந்தது என்று நினைப்பது. அறுபதுகளின் மலிவு விலைக் கம்பனிகள் ஸ்டூடியோ வாசிப்பாளர்களைக் கூலிக்குப் பிடித்துப் பதிந்து, ஏதோ ஒரு பெயர் சூட்டி விற்றன. கிட்டார் கலைஞர் ஜெரி கோல் வாசித்த தி அனிமேட்டட் எக் அப்படிப்பட்டதுதான். அதே பதிவுகள் மேலே வயலின் கூட்டத்தைச் சேர்த்து இன்னோர் அல்பமாகவும் வந்தன. பாட்டு அருமை, அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் பாராட்டு கோலுக்குப் போக வேண்டும்.

கதைக்கு மயங்குவதுதான் எல்லாவற்றிலும் பெரிய தவறு என்பேன். அமெரிக்காவின் டெட்ரோயிட் நகரப் பாடகர் ரொட்ரிகஸ் 1970இலும் 1971இலும் போட்ட இரண்டு அல்பங்களும் அமெரிக்காவில் விலைபோகவில்லை. தென்னாபிரிக்காவில் வீட்டுக்கு வீடு ஒலித்தன. அவர் மேடையிலேயே உயிரை மாய்த்துக்கொண்டார் என்று அங்கே பலர் நம்பினார்கள். மனிதரோ டெட்ரோயிட்டில் கட்டட வேலை செய்துகொண்டிருந்தார். 1998இல் தென்னாபிரிக்கா போய்ப் பாடவும் செய்தார். இதை வைத்து எடுத்து 2012இல் வந்த ஆவணப்படம் ஒஸ்கார் வாங்கியது. அந்தப் படத்திலும் ஒரு விடுபடல் உண்டு: 1979இலும் 1981இலும் அவர் அவுஸ்திரேலியாவில் கச்சேரி செய்ததை அது சொல்லவே இல்லை. 'காணாமல் போன மேதை' என்று எங்கே கண்டாலும் இரண்டாவது இடத்தில் விசாரியுங்கள்.

ஒலியிலும் கவனம் வேண்டும். கையில் கிட்டார் இருந்தால் பாட்டோடு சேர்ந்து வாசித்துப் பாருங்கள். எந்தச் சுருதியிலும் பொருந்தாமல் இடையில் நின்றால், ரெக்கோர்டைக் கணினிக்கு மாற்றியவர் வேகத்தைக் கூட்டியோ குறைத்தோ ஓடவிட்டிருக்கலாம். ஆறு வீதம் பிசகினாலே அரைச் சுரம் மாறிவிடும். டிரம்ஸோடு இருக்கும் சிம்பல் தட்டின் சத்தம் தண்ணீர் சலசலப்பது போல இருந்தால், அளவைக் குறைப்பதற்காகக் கோப்பு அதிகம் நசுக்கப்பட்டிருக்கிறது. அதைக் கேட்டுவிட்டுக் குழுவை மட்டமென்று தள்ளாதீர்கள்.

விலை கூடினால் பாட்டும் உயர்வு என்பது வெறும் நினைப்பு. கொஞ்ச இசைத்தட்டுத்தான் அடித்தார்கள், அதனால் விலை; அவ்வளவுதான். அதேபோல இலவசமாகக் கிடைக்கிறதே என்று உரிமத்தோடு வந்த மறுவெளியீட்டை ஒதுக்கவும் கூடாது. சாம்பியாவின் விட்ச் குழுவின் பாடகர் ஜகாரி சாண்டா, மறுவெளியீடுகள் வந்த பிறகுதான் ஐரோப்பிய மேடைகளில் பாடினார்.

அப்புறம், லண்டனையும் அமெரிக்காவையும் மட்டும் தேடுவது. அறுபதுகளில் கொழும்பு மேடைகளில் மின்யோன் (Mignonne) அண்ட் த ஜெட்லைனர்ஸ் குழுவினர் இருந்தார்கள். ஒரு சிகரெட்டின் பெயரில் இந்தியாவில் நடந்த சிம்லா பீட் போட்டிக் குழுக்கள் 1970, 1971 தொகுப்புகளில் இருக்கின்றன. ஏ.ஈ.மனோகரனும் நித்தி கனகரத்தினமும் பாடிய தமிழ்ப் பொப்பின் பைலாத் தாளத்தைக் கேட்டுவிட்டு, மட்டக்களப்புப் பறங்கியர் கொண்டாட்டங்களில் வயலினோடு வரும் காபிரிஞ்ஞா என்ற ஆட்ட இசையையும் கேளுங்கள், உறவு காதிலேயே தெரியும்.

வீட்டில் பழைய கசட் கிடைத்தால் உடனே போட்டு ஓட்ட வேண்டாம். எங்கள் உப்புக் காற்றுக்கும் ஈரத்துக்கும் நாடாவில் பூஞ்சணம் பிடிக்கும். கசட்டின் கண்ணாடி வழியாகச் சுருளின் விளிம்பைப் பாருங்கள்; வெள்ளைப் பொடிபோல இருந்தால் சுத்தம் செய்யத் தெரிந்தவரிடம் கொடுங்கள், இல்லாவிட்டால் பிளேயரின் ஹெட்டில் ஒட்டி அடுத்த கசட்டுக்கும் பரவும். நடு வாயில் நாடாவுக்குப் பின்னால் இருக்கும் சின்னப் பஞ்சுத் துண்டு விழுந்திருந்தால் சத்தம் மங்கலாகத்தான் வரும், அதை மாற்றலாம். உறையில் எழுதியிருப்பதையும் படம் எடுத்து வையுங்கள். யார் பாடியது, வானொலியில் பதிந்ததா கச்சேரியில் பதிந்ததா என்பதை அம்மப்பாவிடமோ பெரியப்பாவிடமோ இப்போதே கேட்டு, அந்தக் கோப்பின் பெயரோடு சேர்த்து எழுதிவிடுங்கள்.