ஸ்ட்ரோலர் கைப்பிடியில் நாயைக் கட்டாதீர்கள்

நாயின் பெல்ட்டை ஸ்ட்ரோலர், அதாவது குழந்தையை உட்கார வைத்துத் தள்ளும் வண்டியின் கைப்பிடியில் கட்டிவிட்டு நடப்பவர்களை மந்தைவெளி, அடையாறு பக்கத் தெருக்களில் காலையில் பார்க்கிறேன். பார்க்கும்போதெல்லாம் வயிற்றைக் கலக்குகிறது. என் மகளுக்கு எட்டு மாதம் இருக்கும்போது நானும் அப்படித்தான் கட்டினேன். நிறுத்தியிருந்த காருக்கு அடியிலிருந்து ஒரு பூனை ஓடியது. எங்கள் நாய் பாய்ந்தது. வண்டியின் இரண்டு சக்கரங்கள் தரையை விட்டு எழும்பிவிட்டன. கைப்பிடி என் கையில் இருந்தும் இது நடந்தது. இடுப்பு வாரும் தோள் வாரும் போட்டிருந்ததால் குழந்தை உள்ளேயே இருந்தாள்.

எடையைக் கணக்குப் போட்டுப் பாருங்கள். மடக்குகிற சிறிய ஸ்ட்ரோலர் 6, 7 கிலோ இருக்கும். அதில் 8 கிலோ குழந்தை. வளர்ந்த லேப்ரடாரோ 30 கிலோவைத் தொடும். கைப்பிடி ஏறக்குறைய ஒரு மீட்டர் உயரத்தில் இருக்கிறது, அங்கிருந்து பக்கவாட்டில் இழுத்தால் சின்னச் சக்கர வண்டி சுலபமாகச் சாயும். நாய் எவ்வளவு இழுத்தாலும் அது உங்கள் உடம்போடு நிற்க வேண்டும், குழந்தையின் வண்டிக்குப் போகவே கூடாது. நான் சொல்கிற மற்ற எல்லாமே இதற்காகத்தான்.

இடுப்பில் மாட்டுகிற பெல்ட் நல்லது. ஆனால் இழுத்து இழுத்து நடக்கிற நாயை இடுப்பில் கட்டினால் நீங்களே விழுவீர்கள், வண்டி தனியாக உருண்டு போகும். கயிறு தளர்வாக இருக்கும்படி நடக்கப் பழகாத நாய் ஸ்ட்ரோலரோடு வெளியே வரவே வேண்டாம். பெல்ட்டை உள்ளங்கையில் இரண்டு மூன்று சுற்று சுற்றிக்கொள்வதும் ஆபத்து, விரல் முறியலாம். பட்டனை அழுத்தினால் நீண்டுகொண்டே போகிற கயிறு நம் தெருக்களுக்கு ஆகாது. அது சக்கரத்தில் சுற்றிக்கொள்ளும், நாய் ஐந்து மீட்டர் தள்ளிப் போன பிறகு ஆட்டோ வந்தால் இழுத்துப் பிடிக்க நேரம் இருக்காது. நான்கடி நீளமுள்ள சாதாரண பெல்ட் போதும்.

முதல் நாளே குழந்தையை உட்கார வைத்து ஒத்திகை பார்ப்பது இன்னொரு தவறு. வண்டியில் ஒரு 5 கிலோ அரிசிப் பையை வைத்து, மொட்டை மாடியிலோ அபார்ட்மெண்ட் பார்க்கிங்கிலோ சில வாரம் நடந்து பழகுங்கள். நாய்க்கு ஒரே பக்கத்தைப் பழக்குங்கள். பிளாட்பாரம் இல்லாத இடத்தில், எதிரே வருகிற வண்டி கண்ணில் படும்படி ரோட்டின் வலது ஓரமாக நடக்க வேண்டும், நாய் சுவர்ப் பக்கம் வர வேண்டும். அதற்கு இடம் பத்தாத தெரு என்றால் வேறு தெருவைப் பாருங்கள்.

சரி, தெரு நாய்களுக்கு வருவோம். ஒவ்வொரு தெருவுக்கும் ஒரு கூட்டமும் ஓர் எல்லையும் உண்டு. அவை பெரும்பாலும் உங்கள் குழந்தையைப் பார்த்துக் குரைப்பதில்லை, எல்லைக்குள் வந்த உங்கள் நாயைப் பார்த்துத்தான் குரைக்கின்றன. பயத்தில் பலர் சின்ன நாயைத் தூக்கிக் குழந்தையின் மடியில் வைத்துவிடுகிறார்கள். இதைத் தயவுசெய்து செய்யாதீர்கள். கூட்டத்தின் கவனம் முழுக்க வண்டிக்குப் போய்விடும். ஓடவும் வேண்டாம், ஓடினால் துரத்தும். வண்டிக்கும் அவற்றுக்கும் நடுவில் நீங்கள் நின்று, வந்த வழியே மெதுவாகத் திரும்புங்கள். எந்தத் தெரு பிரச்சினை என்பதை ஒருநாள் முன்பே தனியாக நடந்து பார்த்து வைத்துக்கொண்டால் இந்த நிலையே வராது. எந்த நாயாலும் குழந்தை மேல் ஒரு கீறல் விழுந்தால்கூட ஓடும் தண்ணீரில் சோப்புப் போட்டு 15 நிமிடம் கழுவிவிட்டு, அன்றைக்கே டாக்டரிடம் காட்டி வெறிநோய்த் தடுப்பூசி பற்றிக் கேளுங்கள்.

யாரும் கவனிக்காத தவறு ஒன்று இருக்கிறது. எதிர்வீட்டுப் பாட்டி குனிந்து பாப்பாவின் கன்னத்தைத் தொடப் போகிறார், நாய் லேசாக உறுமுகிறது. “பாருங்க, எப்படிக் காவல் காக்குது!” என்று நாம் பூரித்துப்போகிறோம். அது பெருமைப்பட வேண்டிய விஷயமே இல்லை. வண்டியைத் தன் பொருளாக நினைத்து யாரையும் நெருங்க விடாத நாய் நாளைக்கு அந்தப் பாட்டியைக் கடிக்கும். யாராவது நெருங்கினால் நாயை உங்களுக்குப் பின்னால் கொண்டுவந்து உட்கார வையுங்கள், அமைதியாக உட்கார்ந்தால் பிஸ்கட் கொடுங்கள். உறுமல் தொடர்ந்தால் வாக்கிங்கை நிறுத்திவிட்டு நாய்ப் பயிற்சியாளரையோ கால்நடை மருத்துவரையோ பாருங்கள்.

வெயில் படுகிறதே என்று ஸ்ட்ரோலரைத் துப்பட்டாவால் மூடுவது நம்மூரில் சர்வ சாதாரணம். துணி மெல்லியதாக இருந்தாலும் காற்றோட்டம் தடைபட்டு உள்ளே சூடு ஏறிக்கொண்டே போகும், குழந்தையின் முகமும் உங்களுக்குத் தெரியாது. வண்டியோடு வருகிற மேற்கூரை போதும். கத்திரி வெயில் நாட்களில் சாயங்காலம் ஐந்து மணிக்கும் தார் ரோடு ஆறியிருக்காது. புறங்கையை ஏழு விநாடி ரோட்டில் வைத்துப் பாருங்கள். உங்களால் தாங்க முடியாத சூட்டை நாயின் பாதமும் தாங்காது. ஏழு மணிக்குள் வீடு திரும்புகிற காலை நடைதான் இருவருக்கும் நல்லது.

மழைக்காலத்தில் தேங்கிய தண்ணீருக்குள் வண்டியைத் தள்ளாதீர்கள், அடியில் பள்ளம் இருக்கிறதா, திறந்த வடிகால் இருக்கிறதா என்று தெரியாது. தெருவோர மின்பெட்டியைப் பார்த்தால் எந்த நாய்க்கும் காலைத் தூக்கத் தோன்றும். ஈரத்தில் அங்கே மின்கசிவு இருந்தால் உயிரே போகும். தள்ளியே நடங்கள்.

அப்புறம், பால் பாக்கெட் பையைக் கைப்பிடியில் தொங்கவிட்டால் வண்டி பின்பக்கம் கவிழும், கீழே உள்ள கூடையில் வையுங்கள். நாய் கழித்ததை அள்ளக் குனியும் முன் பிரேக் போடுங்கள், ரோடு ஓரத்தில் சரிவு இருப்பது கண்ணுக்குத் தெரியாது.

இவ்வளவும் செய்தாலும் திடீர் வெடிச்சத்தத்துக்கு முன்னால் எந்தப் பயிற்சியும் நிற்பதில்லை. தெருமுனையில் சாவு மேளம் கேட்டாலே நான் திரும்பிவிடுவேன். தீபாவளிக்கு முன்னும் பின்னும் ஒரு வாரம் இருவரையும் சேர்த்து வெளியே கூட்டிப்போவதே இல்லை. நாய்க்கு விடியற்காலை ஐந்து மணி நடை, மகளுக்கு வீட்டுக்காரரோடு ஏழு மணி நடை.