காரில்லாமல் அல்சாஸ் ஒயின் சுற்றுலா: ரயிலும் நடையுமாக

பிரான்ஸின் கிழக்கு ஓரத்தில், வோஜ் மலையடிவாரத்தில் இருக்கிறது அல்சாஸ். மார்லென்ஹைமில் தொடங்கி டான் வரை ஏறத்தாழ 170 கி.மீ. நீளும் இங்குள்ள ஒயின் பாதை 1953-ல் திறக்கப்பட்டது. வாடகைக் காரில் இரண்டே நாளில் முழுப் பாதையையும் ஓட்டி முடிக்கும் திட்டம் வேண்டவே வேண்டாம். ஒரு லிட்டர் ரத்தத்தில் 0.5 கிராம் ஆல்கஹால்தான் பிரான்ஸில் உச்சவரம்பு. புதிதாக உரிமம் எடுத்தவர்களுக்கு 0.2. ஓட்டுபவர் எதையும் ரசிக்க முடியாது. சைக்கிளுக்கும் இதே சட்டம்தான் என்பதையும் மனதில் வையுங்கள்.

படி 1: நாள் பார்ப்பது

மே, ஜூன் மாதங்கள் நல்லவை. கிரெமாங் எனும் நுரைக்கும் ஒயினுக்கான பழம் ஆகஸ்ட் கடைசியிலிருந்தே பறிக்கப்படும். பிறகு அக்டோபர் வரை அறுவடை. அப்போது பார்க்க அழகுதான், ஆனால் உங்களோடு உட்கார்ந்து பேச யாருக்கும் நேரமிருக்காது. சில ஊர்களில் தோட்டத்துப் பாதைகளையும் மூடிவிடுவார்கள். ஞாயிறன்று பல பண்ணைகள் திறப்பதில்லை. பிரான்ஸின் பெரும்பாலான பகுதிகளில் வேலைநாளாக இருக்கும் புனித வெள்ளியும் டிசம்பர் 26-ம் அல்சாஸில் விடுமுறை. இது பல பயணத் தளங்களில் இருக்காது.

படி 2: தங்குமிடம்

கோல்மார். யோசிக்கவே வேண்டாம், ரயில் நிலையத்துக்கு நடந்துபோகும் தூரத்தில் அறை எடுங்கள். ஸ்ட்ராஸ்பூர்கிலிருந்து ரயிலில் அரை மணி நேரம்.

படி 3: எந்த ஊர், எந்த வழி

முதல்முறை போகிறவர்கள் தடுமாறுவது இங்கேதான். படங்களில் வரும் ரீக்விர், ரிபோவில்லே, எகிஷைம் மூன்றுக்கும் பயணிகள் ரயில் கிடையாது. பேருந்தை நம்பித்தான் போகவேண்டும். மாலையில் கடைசிப் பேருந்து சீக்கிரமே போய்விடும், ஞாயிறில் இன்னும் மோசம். அதனால் ஊரைத் தேர்ந்துகொண்டு வண்டி தேடாதீர்கள். முதலில் ரயில் தடத்தைப் பாருங்கள், அதிலுள்ள ஊரைப் பிடியுங்கள். நேரம் பார்க்க ஃப்ளுவோ தளம்தான் எனக்குப் பிடித்தது. வட்டார ரயில், பேருந்து இரண்டையும் சேர்த்துக் காட்டும். வட்டார ரயிலில் இருக்கை முன்பதிவு கிடையாது.

நான் சொல்லும் திட்டம் இதுதான்: ஒரே திராட்சை ரகம், வெள்ளை ஒயினுக்கான ரீஸ்லிங். மண் மட்டும் மாறட்டும். அல்சாஸில் 'கிராங் க்ரூ' என்று தனிப்பெயர் பெற்ற சரிவுகள் 51. அவற்றில் சிலவற்றை ரயில் நிலையத்திலிருந்து நடந்தே எட்டலாம்.

முதல் நாள் பார் (Barr) என்ற ஊர். ஸ்ட்ராஸ்பூர்கிலிருந்து மோல்ஷைம், ஒபெர்நே வழியாக வரும் கிளைத்தடம் பார் ஊரைத் தொட்டு செலெஸ்தாவில் முதன்மைத் தடத்தோடு சேர்கிறது. கோல்மாரிலிருந்து வருபவர்கள் செலெஸ்தாவில் மாறவேண்டும். பார் ஊரிலேயே கிர்ஷ்பெர்க் சரிவு, சுண்ணாம்பு கலந்த களிமண். அங்கிருந்து அரை மணி நேரம் தோட்டங்களுக்கு நடுவே நடந்தால் மிட்டெல்பெர்க்ஹைம். அதன் சோட்சென்பெர்க் சரிவில் மட்டும் சில்வானர் ரகத்துக்கும் கிராங் க்ரூ உரிமை உண்டு, அதை விடாதீர்கள். இன்னொரு அரை மணி நடை தாண்டினால் ஆண்ட்லோ. அங்கே காஸ்டெல்பெர்க் சரிவில் காலடியில் கரும்பலகைக் கல் தகடு தகடாக உடைந்து கிடக்கும். திரும்ப ஐக்கோஃபென் நிலையம் பக்கம். ஆனால் பார் தாண்டினால் ரயில்கள் குறைவு, ஆகவே திரும்பும் வண்டியின் நேரத்தைக் காலையிலேயே எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

இரண்டாம் நாள் டுர்க்ஹைம், கோல்மாரிலிருந்து மன்ஸ்டெர் போகும் தடத்தில். ஊருக்கு மேலே இருக்கும் கருங்கல் சரிவின் பெயர் பிராண்ட். மூன்றாம் நாளுக்குத் தெம்பிருந்தால் முலூஸில் மாறி டான் போங்கள். ராங்கென் சரிவு எரிமலை மண், நிமிர்ந்து பார்த்தாலே கழுத்து வலிக்கும் செங்குத்து.

நடைபாதை தேட, வோஜ் மலைக் கழகம் பாறைகளிலும் கம்பங்களிலும் தீட்டியிருக்கும் வண்ணக் குறிகளைப் பின்பற்றுங்கள். 1872-ல் தொடங்கிய கழகம் அது. கைப்பேசி வரைபடத்தைவிட அதன் குறிகளையே நம்புவேன்.

படி 4: முன்பதிவு

ஒரு நாளைக்கு மூன்று பண்ணைகள் போதும். காலை 10, பகல் 2, மாலை 4. நடுப்பகல் 12 முதல் 2 வரை கதவு அடைத்திருக்கும். ஒரு வாரம் முன்பே மின்னஞ்சலில் தேதி, நேரம், எத்தனை பேர், எந்த மொழி என நான்கே வரி எழுதினால் போதும். வர முடியாவிட்டால் கட்டாயம் சொல்லிவிடுங்கள். குடும்பப் பண்ணைகளில் உங்களுக்காக ஒருவர் தோட்ட வேலையை விட்டு வந்து காத்திருப்பார். தோளில் பீப்பாய் சுமக்கும் மனிதன் படம் போட்ட பலகை இருந்தால், தன் தோட்டத்துப் பழத்தில் தானே ஒயின் தயாரிப்பவர் என்று பொருள். சில இடங்களில் கட்டணம் இல்லை. சில இடங்களில் சில யூரோ வாங்கிக்கொண்டு, பாட்டில் எடுத்தால் கழித்துவிடுவார்கள்.

படி 5: சுவைப்பது

கணக்கைப் பாருங்கள். ஒரு முறை ஊற்றுவது ஏறக்குறைய 40 மி.லி. ஒரு பண்ணையில் 6 வகை, மூன்று பண்ணை என்றால் 720 மி.லி. அதாவது கிட்டத்தட்ட ஒரு முழு பாட்டில், ஒரே ஆள். அதனால் துப்புங்கள். அதற்கென்றே மேஜையில் பாத்திரம் இருக்கும், இல்லாவிட்டால் கேளுங்கள்; யாரும் தவறாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள், மதிப்புதான் கூடும். வாசனைத் திரவியம் பூசிப் போகாதீர்கள், பக்கத்தில் நிற்பவருக்கும் மூக்கு மரத்துவிடும்.

வரிசை முக்கியம்: கிரெமாங், சில்வானர், ரீஸ்லிங், பினோ கிரி, கடைசியில் கெவுர்ஸ்ட்ரமினர். இனிப்பானதை முதலில் குடித்தால் அடுத்து வரும் ரீஸ்லிங் வெறும் புளிப்பாகத் தெரியும். குறை ஒயினில் இல்லை, நாக்கில் தங்கிய சீனியில்.

படி 6: வாங்குவது

நிறைந்த பாட்டில் ஒன்று 1.2 கிலோவுக்குக் குறையாது. ஆறு என்றால் எட்டு கிலோவை நெருங்கும். முதல் நாளே வாங்கிச் சுமக்காதீர்கள். பெயரைக் குறித்துக்கொண்டு கடைசி நாளில் கோல்மாரில் தேடுங்கள். கோல்மாரில் கிடைக்காத சிறு பண்ணை ஒயின் என்றால் மட்டும் அந்தப் பண்ணையிலேயே ஒன்றிரண்டு எடுங்கள். அல்சாஸ் பாட்டில் ஒல்லியாக, உயரமாக இருக்கும். வழக்கமான பாட்டிலுக்குத் தைத்த காற்றுப் பைகளில் கழுத்து வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். நீளமான பை கேட்டு வாங்கி, பெட்டியில் குறுக்காகக் கிடத்தி, இரு முனையிலும் துணி அடையுங்கள்.

பின்சேர்க்கை: 'வாங்கி வந்த ரீஸ்லிங் இனிக்கிறதே' என்று பலர் கேட்டிருந்தீர்கள். 2021 அறுவடையிலிருந்து அல்சாஸ் ஒயின்களின் லேபிளில் இனிப்பின் அளவு கட்டாயம். 'செக்' என்றால் இனிப்பில்லாதது, 'டெமி-செக்' லேசான இனிப்பு, அடுத்து 'முவல்லே', லிட்டருக்கு 45 கிராமுக்கு மேல் சீனி இருந்தால் 'டூ'. அதற்கு முந்தைய ஆண்டு பாட்டில் என்றால் சிலர் பின்பக்கம் ஓர் இனிப்பு அளவுகோல் போட்டிருப்பார்கள். அதுவும் இல்லையென்றால் கடைக்காரரிடம் 'செக்?' என்று ஒரு வார்த்தை கேட்டுவிட்டுப் பணம் கொடுங்கள்.