கெரட்டினா, கைட்டினா? தோல் பூஞ்சைப் பாடத்தில் சறுக்கும் சொற்கள்

படர்தாமரைப் பூஞ்சையான ட்ரைக்கோஃபைட்டானின் பெயரில் ஓர் எழுத்து பிசகினால் திருத்திக்கொள்ளலாம். சொல்லே இடம் மாறினால் ஸ்லைடைப் பார்க்கும் கண்ணும் ஏமாறும்.

பூஞ்சைச் சுவர் கெரட்டினால் ஆனது என்பது

புதிதாகப் படிக்க வருபவர்கள் சலிக்காமல் எழுதும் தவறு இது. பார்க்கும்போதெல்லாம் எரிச்சல் வருகிறது, ஏனென்றால் இதற்கான விலையைக் கொடுப்பவர் நோயாளி. கெரட்டின் ஒரு புரதம். நம் மேல்தோலிலும் முடியிலும் நகத்திலும் இருப்பது. பூஞ்சையின் செல்சுவரில் இருப்பவை கைட்டினும் குளூக்கானும். இரண்டும் சர்க்கரைச் சங்கிலிகள். படர்தாமரைப் பூஞ்சை கெரட்டினைத் தின்கிறது, அவ்வளவுதான்.

சுரண்டிய செதிலைக் காரத்தில் ஊறவைத்து நுண்ணோக்கியில் பூஞ்சை தேடும் கே.ஓ.ஹெச். சோதனையே இந்த வேறுபாட்டின் மேல்தான் நிற்கிறது. 10% பொட்டாசியம் ஹைட்ராக்சைடு கெரட்டினைக் கரைத்துத் தெளிய வைக்கும். கைட்டின் சுவர் அந்தக் காரத்தைத் தாங்கி நிற்கும். அது புரியாதவர் இரண்டே நிமிடத்தில், கெரட்டின் கரையும் முன்பே, ஸ்லைடை எடுத்துப் பார்த்து, ‘பூஞ்சை இல்லை’ என்று எழுதிவிடுகிறார். அதை நம்பி ஸ்டீராய்டு களிம்பு தடவினால் படையின் விளிம்பு மங்கும், பூஞ்சை உள்ளுக்குள் பரவும்.

தடிப்பின் ஓரத்தில் சுரண்டுங்கள், நடுவில் அல்ல. தோல் செதிலுக்குப் பத்து இருபது நிமிடம் கொடுங்கள். நகத்துக்கு 20% அல்லது அதற்கு மேல் வேண்டும். மணிக்கணக்கில் ஊறவும் வேண்டும். அவசரப்பட்டுக் கொதிக்க விட்டால் படிகங்கள் படிந்து குழப்பும். தோல் செல்களின் எல்லைக் கோடுகளும் வலை போலத் தெரிந்து ஏமாற்றும். உண்மையான பூஞ்சை இழை அந்த எல்லைகளைக் குறுக்கே கடந்து போகும். சீரான அகலமும் குறுக்குச் சுவர்களும் இருக்கும்.

கெரடைட்டிஸ் என்றதும் கெரட்டினை நினைப்பது

இரண்டு சொல்லும் ‘கொம்பு’ என்ற கிரேக்க வேரில் பிறந்தவை. கெரடைட்டிஸ் என்பது கண்ணின் கருவிழிப் படல அழற்சி. பூஞ்சையால் வந்தால் பெரும்பாலும் ஃபியூசேரியம் அல்லது ஆஸ்பெர்ஜில்லஸ். படர்தாமரைக் கூட்டம் அல்ல.

தேமலைப் படர்தாமரையோடு சேர்ப்பது

தேமலின் மருத்துவப் பெயரிலும் படர்தாமரையைக் குறிக்கும் ‘டீனியா’ ஒட்டியிருப்பதால் வரும் வினை. தேமலுக்குக் காரணமான மலாசீசியாவுக்கு வேண்டியது கொழுப்பு. எண்ணெய் சேர்க்காத சாதாரண சபோராட் அகாரில் (பூஞ்சை வளர்க்கும் ஊடகம்) வளரவில்லையே என்று காத்திருக்க வேண்டாம்.

ரிங்வார்ம்

படர்தாமரையின் ஆங்கிலப் பெயர். பெயரில்தான் ‘வார்ம்’, நோயில் புழு கிடையாது.

கெரட்டின் விரும்பி, கெரட்டின் சிதைப்பி

ஒன்றல்ல. முடியின் மேல் வளரும் எல்லாப் பூஞ்சையும் முடியைச் சிதைப்பதில்லை.